ஸ்டீல் வீல்ல துரு: வீட்டுலயே உரிச்சு பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

கேள்வி, மார்ச் 2

பழைய கார், ஸ்டீல் வீல். வீல் கப்பை கழட்டி பாத்தா உள்ள பூரா துரு. ரெண்டு கேன் சில்வர் ஸ்ப்ரே வாங்கி, டயரை கழட்டாம பேப்பர் ஒட்டி அடிச்சிரலாம்னு இருக்கேன். எவ்வளவு நாள் தாங்கும்? துரு மேலயே அடிக்கற பெயிண்ட் இருக்குங்கறாங்களே, அது உண்மையா?

பதில், மார்ச் 2, ராத்திரி

ஒரு மழைக்காலம் தாண்டாது. பெயிண்ட் நல்லாத்தான் ஒட்டும், ஆனா அது ஒட்டறது துரு மேல. துரு இரும்பு மேல கெட்டியா ஒட்டிக்கிட்டு இல்ல, அதனால அது உதிரும்போது பெயிண்டையும் சேத்து இழுத்துட்டு வந்துரும். அதோட இரும்பு துருவா மாறினா முன்ன இருந்ததை விட பல மடங்கு இடம் எடுத்துக்கும், பெயிண்டுக்கு அடியில கொஞ்சம் ஈரமும் காத்தும் கிடைச்சா போதும், அப்படியே தூக்கி கொப்புளமாக்கிரும். நகத்தால அந்த கொப்புளத்தை தட்டினா உள்ள இருந்து பழுப்பு தூள் கொட்டும், அப்ப தெரியும் உள்ள என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு.

"துரு மேலயே அடிக்கலாம்"னு டப்பா முன்னாடி பெருசா போட்டிருப்பாங்க, பின்னாடி சின்ன எழுத்துல உதிர்ற துருவை எடுத்துட்டு அடிங்கன்னு இருக்கும். எவ்வளவு தேச்சாலும் குழிக்குள்ள ஒட்டிட்டு நிக்குதே மிச்ச துரு, அதுக்குத்தான் அந்த பெயிண்ட்.

முதல்ல ஜாக்கி போட்டு தூக்கி, கீழ ஸ்டாண்டும் குடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி வீலை கழட்டாதீங்க), வீலை திருப்பி போட்டு பின்பக்கத்தை போட்டோ எடுத்து போடுங்க. முன்பக்கம் எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம், பின்பக்கம்தான் விஷயம்.

மார்ச் 3

போட்டோ பாத்தேன். நான் நினைச்ச இடத்துலதான் இருக்கு.

ஸ்டீல் வீல் ஒரே துண்டு கிடையாது. டயர் உக்கார்ற வட்டமான ரிம் தனி, நடுவுல போல்ட் ஓட்டை இருக்கற டிஸ்க் தனி. டிஸ்க்கை ரிம்முக்குள்ள அழுத்தி ஏத்தி வெல்டு வச்சிருப்பாங்க. அந்த வெல்டு சுத்து முழுக்க இருக்காது, விட்டு விட்டு இருக்கும். நடுவுல விட்ட இடத்துல மெல்லிசா ஒரு இடுக்கு. தண்ணி தானா அதுக்குள்ள ஏறிக்கும், வெயில்ல மத்த இடமெல்லாம் காஞ்சாலும் அங்க மட்டும் காயாது, பிரேக் தூளும் சேறும் போய் அடைச்சு இன்னும் ஈரத்தை புடிச்சு வச்சுக்கும். உங்க படத்துல டிஸ்க்கை சுத்தி ஒழுகி எறங்கின மாதிரி பழுப்பு கோடு தெரியுதே, அது அந்த இடுக்குல இருந்து வந்தது.

அடுத்தது ஓட்டைகளோட ஓரம். காத்து போறதுக்கு விட்டிருக்கற ஓட்டையெல்லாம் அச்சுல குத்தி எடுத்தது, ஓரம் கூர்மையா இருக்கும். எந்த பெயிண்டும் காயும்போது கூர்மையான ஓரத்துல இருந்து பின்வாங்கிக்கும், அங்க கனம் ரொம்ப கம்மியா நிக்கும். அப்புறம் பேலன்ஸ் வெயிட் (வீல் ஆடாம சுத்த ரிம் ஓரத்துல மாட்டற சின்ன உலோக துண்டு) கவ்வியிருக்கற இடம், டயர் மாத்தும்போது கடப்பாரை பட்ட கீறல், வால்வு ஓட்டை. முன்பக்கம் பளபளன்னு இருக்கற வீல்லயும் இதையெல்லாம் ஒண்ணு ஒண்ணா பாத்தா துரு எங்கயாவது ஆரம்பிச்சிருக்கும்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழிச்சு

இதை முதல்லயே சொல்லிடறேன், பெயிண்டை விட முக்கியம். தேச்சு முடிச்சதும் இரும்பை நல்ல வெளிச்சத்துல பாருங்க. போல்ட் ஓட்டையில இருந்து கிளம்பற விரிசல், காத்து ஓட்டைகளுக்கு நடுவுல விரிசல், வெல்டு ஓரத்துல விரிசல், ஓட்டை வட்டமா இல்லாம நீண்டு போயிருக்கறது, தகடு தகடா உரிஞ்சு இரும்பு மெலிஞ்சிருக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த வீல் பழைய இரும்புக்குத்தான். பட்டி போட்டு மூடாதீங்க, வெல்டு வச்சும் ஓட்டாதீங்க. டயர் மாட்டியிருக்கும்போது ரிம்ல வெல்டோ நெருப்போ காட்டவே கூடாது, காத்து எறக்கியிருந்தாலும் கூடாது, உள்ள சூடேறி டயர் வெடிச்சு ஆள் செத்திருக்காங்க.

சந்தேகமான இடம் இருந்தா டை பெனட்ரன்ட்னு ஸ்ப்ரே கிடைக்கும். சிவப்பு சாயத்தை அடிச்சு கொஞ்ச நேரம் ஊற விட்டு, துடைச்சு எடுத்துட்டு, மேல வெள்ளை பவுடர் ஸ்ப்ரே அடிச்சா விரிசல் இருந்தா அதுல போய் உக்காந்த சாயம் சிவப்பு கோடா வெளிய வந்து நிக்கும். ஸ்டெப்னியையும் இதோட பாத்துருங்க, வண்டிக்கு அடியில தொங்கற ஸ்டெப்னியை வருஷக்கணக்கா யாரும் திரும்பி பாக்கறதே இல்ல.

மார்ச் 5

"பாத்ரூம் ஆசிட் ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல துரு போயிரும், எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்"னு மேல ஒருத்தர் போட்டிருக்கார். போகும், அதை மறுக்கல. ஆனா அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இடுக்குக்குள்ள போன ஆசிட் கழுவினா வெளிய வராது, அது விட்டுட்டு போற குளோரைடு உள்ளயே இருந்து திரும்ப துருவை கிளப்பும். கழுவி வச்சுட்டு திரும்பறதுக்குள்ள வீல் பூரா மஞ்சளா ஒரு துரு படலம் வந்து நிக்கும். அந்த புகை பக்கத்துல இருக்கற டூல்ஸையும் துரு ஏத்தும், உங்க மூச்சுக்குள்ளயும் போகும். இடுக்கு வச்ச எந்த இரும்புக்கும் அது வேண்டாம் ப்ரோ.

பாஸ்பாரிக் ஆசிட் வேற. அது துருவை அயர்ன் பாஸ்பேட்டா மாத்தும், சாம்பலும் கருப்புமா ஒரு படலம் நிக்கும். டானிக் ஆசிட் போட்ட கன்வர்ட்டர்னா (துருவை வேற பொருளா மாத்தற திரவம்) துரு கருநீலமா, கருப்பா மாறும். ரெண்டும் நல்லதுதான், ஆனா அது வேலை செய்ய துரு இருக்கணும். பளபளன்னு தேச்ச இரும்பு மேல கன்வர்ட்டர் அடிக்கறதுல அர்த்தமே இல்ல, மாறறதுக்கு அங்க ஒண்ணும் இல்லாததால ஆசிட் அப்படியே பிசுபிசுன்னு நிக்கும், மேல போடற பிரைமர் பிடிக்காது. குழிகள்ல மட்டும் சின்ன பிரஷ்ஷால தொட்டு தொட்டு வைங்க, கழுவணுமா வேண்டாமான்னு டப்பால என்ன போட்டிருக்கோ அப்படியே செய்ங்க, இது கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

மார்ச் 6

தேய்க்கற வேலை. இதை பத்தி கொஞ்சம் நீட்டி எழுதறேன், ஏன்னா மொத்த வேலையில பெரும்பங்கு இதுதான், பெயிண்ட் அடிக்கறது கடைசியா வர்ற சின்ன பகுதி.

தேய்க்கறதுக்கு முன்னாடி கழுவணும். நிறைய பேர் நேரா கிரைண்டரை எடுத்துர்றாங்க. வீல்ல கிரீஸ் இருக்கும், பிரேக் தூள் இருக்கும், டயர் பாலிஷ்ல இருந்து சிலிக்கான் தெறிச்சிருக்கும், அதோட தேச்சா உப்புத்தாள் எண்ணெயை கீறலுக்குள்ள அழுத்தி விட்டுரும். அந்த சிலிக்கான் இருந்தா பெயிண்ட் அடிச்சதும் அங்கங்க வட்ட வட்டமா விலகி நிக்கும், எத்தனை கோட் அடிச்சாலும் அந்த வட்டம் மூடாது. அதனால முதல்ல சோப்பு போட்டு கழுவி காய வச்சு, டீகிரீசர் (எண்ணெய், கிரீஸை எடுக்கற திரவம்) போட்டு துடைங்க. துடைக்க ரெண்டு துணி வேணும், ஒண்ணுல டீகிரீசரை நனைச்சு தேய்க்கணும், அது காயறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால எடுக்கணும். ஒரே துணியால துடைச்சா அழுக்கை இடம் மாத்தி வைக்கறோம், அவ்வளவுதான். தேச்சு முடிச்சப்புறமும் இதையே இன்னொரு தடவை.

பிரேக் தூள் இரும்பு துகள், சூட்டோட வந்து பெயிண்டுக்குள்ள பதிஞ்சிருக்கும். அயர்ன் ரிமூவர்னு கிடைக்கறதை அடிச்சா ஊதா கலர்ல ஒழுகும், அது அந்த இரும்போட ரியாக்ட் ஆகுதுன்னு அர்த்தம். பழைய பெயிண்ட் நல்லா இருக்கற இடத்துக்கு இது உதவும், எப்படியும் இரும்பு வரைக்கும் உரிக்க போறீங்கன்னா இதுக்கு செலவு பண்ண வேண்டாம்.

கிரைண்டர்ல கம்பி கப் பிரஷ் மாட்டி துருவை எடுக்கலாம். கண்ணுக்கு மூடின கண்ணாடி, முகத்துக்கு ஷீல்டு, ரெண்டும் போடுங்க. அந்த கம்பி ஒண்ணு ஒண்ணா பிச்சுக்கிட்டு ஊசி கணக்கா பறக்கும், பனியன் துணியை துளைச்சு தோல்ல குத்தி நிக்கறதை நான் பாத்திருக்கேன். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அந்த மாதிரி வீலை காஞ்ச நிலையில தூள் பறக்க தேய்க்காம தண்ணி போட்டு வாட்டர் பேப்பரால தேய்ங்க, மாஸ்க்கோட.

கம்பி பிரஷ்ல இன்னொண்ணு கவனிங்க. அது துருவை எடுக்கறதை விட சில நேரம் மெருகேத்தி விட்டுரும். பளபளன்னு கரும்பழுப்பா மின்னும், இரும்பு வந்துருச்சுன்னு நினைச்சுக்குவோம், 80 நம்பர் தாளால ரெண்டு இழுப்பு இழுத்தா அடியில இன்னும் பழுப்பு வரும். சுத்த இரும்புன்னா வெளிர் சாம்பல் கலர். குழிக்குள்ள கரும்புள்ளி நின்னா அது துரு. நான் டார்ச்சை வீலோட தளத்துக்கு பக்கவாட்டுல தாழ்த்தி பிடிச்சு பாப்பேன், நேரா அடிச்சா தெரியாத குழியெல்லாம் நிழலோட தெரியும். 80ல ஆரம்பிச்சு 180ல முடிச்சா பிரைமருக்கு போதும், அதுக்கு மேல வழவழப்பாக்கினா பிரைமர் பிடிக்க பிடிமானம் இருக்காது.

தேச்ச இரும்பை வெறுங்கையால தொடாதீங்க. வேர்வையில உப்பு இருக்கு, அடுத்த நாள் விரல் ரேகையோட துரு நிக்கும்.

மார்ச் 6, ராத்திரி

டயரை கழட்டணுமான்னு திரும்ப கேட்டிருக்கீங்க. முன்பக்கம் மட்டும் பாத்தா போதும்னா வேண்டாம். காத்தை பூரா எறக்கிட்டு, டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல பழைய சீட்டுக்கட்டு சீட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி சுத்தி சொருகிட்டா டேப் ஒட்டறதை விட நல்லா வரும், ரிம் ஓரம் முழுக்க தெரியும்.

ஆனா என் கருத்து, கழட்டுங்க. என் வண்டியில ஒரு வீல்ல மட்டும் காத்து மெதுவா எறங்கிட்டே இருந்துச்சு. பஞ்சர் இல்ல, வால்வும் நல்லா இருந்துச்சு. சோப்பு தண்ணி ஊத்தி பாத்தா டயரும் ரிம்மும் சேர்ற ஓரத்துல பொடி பொடியா நுரை கட்டிட்டே இருக்கு. டயரை எடுத்து பாத்தா பீடு (ரிம்மை கவ்வற டயரோட உள் ஓரம்) உக்கார்ற இடத்துல துரு மேடு கட்டி சொரசொரன்னு இருக்கு, அந்த சொரசொரப்பு வழியா காத்து போயிட்டு இருந்திருக்கு. ட்யூப்லெஸ் டயர்ல காத்தை அடைச்சு வைக்கறதே ரப்பரும் அந்த இரும்பு ஓரமும் சேர்ந்துதான். அதை நல்லா தேச்சு வழவழப்பாக்கி மெல்லிசா ஒரு கோட் பிரைமர் குடுத்து மாட்டினதும் காத்து நின்னுருச்சு. டயர் புதுசா மாத்தற நேரத்தோட இந்த வேலையை சேத்து வச்சுக்கிட்டா கழட்டி மாட்டற செலவு தனியா வராது. பேலன்ஸ் வெயிட்டை எடுக்கத்தான் வேணும், அதுக்கு அடியிலதான் துருவே இருக்கும், அதனால மாட்டும்போது திரும்ப பேலன்சிங் கட்டாயம்.

மார்ச் 9

பிரைமர். இதுல நாலு பேர் நாலு விதமா சொல்லியிருக்கீங்க, நாலும் ஒவ்வொரு இடத்துக்கு சரி, கலந்தா தப்பு.

ரெட் ஆக்சைடு: வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் அடிக்கறது. மலிவு, பிரஷ்ல அடிக்க சுலபம். ஆனா அது தண்ணியை முழுசா தடுக்காது, மேல நல்ல பெயிண்ட் போடாம அப்படியே விட்டா ஈரம் உள்ள போகும். வீல்ல கல் அடிக்கும், சேறு அடிக்கும், அதுக்கு இது பலம் பத்தாது.

எட்ச் பிரைமர்: அதுலயே ஆசிட் இருக்கு, இரும்பை லேசா அரிச்சு ஒட்டிக்கும். ரொம்ப மெல்லிசாத்தான் அடிக்கணும். தனியா அது துருவை தடுக்காது, மேல வேற பிரைமர் வரணும். கன்வர்ட்டர் போட்ட இடத்துக்கு மேல இதை அடிக்காதீங்க. இது மேல எபாக்ஸி (கடைசியா சொல்ற பிரைமர்) அடிக்கலாமான்னா, அந்த ரெண்டு டப்பாவும் ஒரே கம்பெனியா இருந்து அவங்களே அடிக்கலாம்னு போட்டிருந்தா மட்டும். மிச்சம் இருக்கற ஆசிட் எபாக்ஸியோட ஹார்டனரை (அதை இறுக வைக்க கலக்கற ரெண்டாவது பாகம்) கெடுத்துரும்.

ஜிங்க் பிரைமர்: ஜிங்க் தன்னை அழிச்சுக்கிட்டு இரும்பை காப்பாத்தும், அதுக்கு ஜிங்க் துகள் நேரா இரும்பை தொடணும். துரு மேலயோ கன்வர்ட்டர் மேலயோ எட்ச் மேலயோ அடிச்சா தொடர்பு கிடையாது, காப்பாத்தவும் செய்யாது. வெளிர் சாம்பலா சுத்தமா தேச்ச இரும்புக்கு, முக்கியமா ஓட்டை ஓரங்களுக்கு, நல்லது.

ரெண்டு பாகம் கலக்கற எபாக்ஸி பிரைமர்: வீலுக்கு நான் சொல்றது இதைத்தான். நேரா தேச்ச இரும்பு மேலயே அடிக்கலாம், தண்ணி உள்ள போறதை மத்ததை விட நல்லா தடுக்கும், கெட்டியா ஒட்டும். கலக்கற அளவை கண்ணால பாத்து ஊத்தாம அளவு கப்புல அளந்து கலங்க. சில கம்பெனி எபாக்ஸியை கலந்துட்டு 15ல இருந்து 30 நிமிஷம் அப்படியே வச்சிருந்துதான் அடிக்க சொல்லும். கையில கையுறை போட்டுக்கோங்க, ஹார்டனர் தோல்ல பட்டு பட்டு சிலருக்கு அலர்ஜி வந்துரும், வந்தா அப்புறம் போகாது. வெயில்ல எபாக்ஸி வெளுத்து மாவாகும், அதனால மேல பெயிண்ட் கட்டாயம்.

இடுக்கு விஷயத்துக்கு வர்றேன். டிஸ்க்கும் ரிம்மும் சேர்ற அந்த இடுக்குல ஸ்ப்ரே போகாது. முதல் கோட் எபாக்ஸியை டப்பால அனுமதிச்சிருக்கற அளவுக்கு அதோட தின்னரை சேத்து தண்ணியாக்கி, வீலை படுக்க போட்டு சின்ன பிரஷ்ஷால அந்த கோட்டுல சுத்தி விடுங்க. தண்ணி எப்படி தானா ஏறுச்சோ அதே மாதிரி பிரைமரும் உள்ள ஏறும். அது இழுத்துக்கிட்டதும் இன்னொரு தடவை விடுங்க. உள்ள இருக்கற அழுக்கை முன்னாடியே காத்து அடிச்சு எடுத்து, வெயில்ல போட்டு முழுசா காய வச்சிருக்கணும், ஈரத்தோட மூடிட்டா பிரயோஜனம் இல்ல. ஓட்டை ஓரங்களை முதல்ல தாளால லேசா மழுங்கடிச்சுட்டு, முழு கோட் அடிக்கறதுக்கு முன்னாடி ஓரத்துக்கு மட்டும் பிரஷ்ல ஒரு தனி கோட்.

பின்பக்கத்தை முழுசாவே பிரஷ்ல அடிக்கறதுதான் எனக்கு பிடிக்கும். கோடு கோடா தெரிஞ்சா யாரும் பாக்க போறதில்ல, கனம் நல்லா நிக்கும். முன்பக்கத்துக்கு ஸ்ப்ரே.

மார்ச் 10

சைலன்சருக்கு அடிக்கற ஹை டெம்பரேச்சர் பெயிண்ட் வாங்கிட்டு வந்திருக்கேன்னு சொன்னவருக்கு: கடையில திருப்பி குடுக்க முடிஞ்சா குடுத்துருங்க. அது சிலிக்கான் வகை, நல்ல சூட்டுல சுட்டாத்தான் முழுசா இறுகும். வீல் அந்த அளவு சூடாகறதே இல்ல, அதனால கடைசி வரைக்கும் இறுகாம மெத்துன்னே இருக்கும், பெட்ரோல் துணி பட்டாலே கையோட வரும். சூடாகற பிரேக் காலிப்பரையும் (பிரேக் பேடை அழுத்தற பாகம்) வீலையும் ஒண்ணா நினைக்க வேண்டாம். வீலுக்கு சாதாரண அக்ரிலிக் வீல் பெயிண்ட் போதும், இன்னும் நல்லா வேணும்னா 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கற ரெண்டு பாக பெயிண்ட்.

2கேன்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், ஆஸ்துமா வரலாம், ஒருதடவை ஒத்துக்காம போனா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதுக்கு எதுவும் செய்யாது, வெளிக்காத்து குழாய் வச்ச முகமூடி போட்டு அடிக்கறதுதான் முறை. வீட்டுல அந்த வசதி இல்லன்னா முன்பக்க பெயிண்டை மட்டும் ஒரு பெயிண்டர்கிட்ட குடுத்துருங்க. நான் வீட்டுல அக்ரிலிக்தான் அடிக்கறேன், அதுக்கே கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்குவேன்.

மார்ச் 12

எங்க அடிக்க கூடாதுன்னு இன்னும் யாரும் கேக்கல. இந்த இழையில வேற எதை படிக்காம விட்டாலும் இதை படிங்க.

நட்டு உக்கார்ற குழிவு, அந்த கூம்பு மாதிரி இருக்குமே, அதுல பெயிண்ட் வேண்டாம். வீல் பின்னாடி ஹப்போட (வண்டியில வீல் மாட்டற நடு பாகம்) ஒட்டி உக்கார்ற தட்டையான வட்டம், அதுலயும் கனமா வேண்டாம். காரணம் இதுதான்: வீலை பிடிச்சு வச்சிருக்கறது நட்டோட இழுப்பு. நட்டை இறுக்கும்போது ஸ்டட் (நட்டு ஏறற மரை கம்பி) கொஞ்சம் நீளுது, அந்த இழுவிசையில வீல் ஹப்போட நசுங்கி ஒட்டிட்டு இருக்கு. நடுவுல இறுகாத மெத்துன்னு இருக்கற பெயிண்ட் இருந்தா ஓட ஓட, சூடாக சூடாக அது நசுங்கி ஒதுங்கும். பெயிண்ட் ஒதுங்கின அளவுக்கு இழுப்பு குறையும், நட்டு லூசாகும். வீல் கழண்டு போற அளவுக்கு போகலாம்.

டேப் ஒட்டுங்க, நட்டு குழிவுக்கு பழைய நட்டையோ வட்டமா வெட்டின காகிதத்தையோ வைங்க. அந்த இடமெல்லாம் தேச்சு சுத்தம் பண்ணி வெறும் இரும்பா, இல்ல ரொம்ப மெல்லிசா ஒரே ஒரு கோட் பிரைமரோட விட்டா போதும். ஹப் நடுவுல வீல் ஏறி உக்கார்ற வளையத்துல மட்டும் லேசா ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் தடவலாம், துரு ஏறி வீல் ஒட்டிக்காம இருக்கும். தட்டையான முகத்துல தடவாதீங்க, ஸ்டட் மரையிலயும் வேண்டாம்.

மார்ச் 13

"கம்பெனியில வீல் முழுக்கத்தானே பெயிண்ட் இருக்கு, நட்டு குழிவுலயும் இருக்கு, அது லூசாகலையே?"

நல்ல கேள்வி. கம்பெனியில வீலை தொட்டியில முக்கி மின்சாரம் குடுத்து பூசி, அடுப்புல சுட்டு எடுக்கறாங்க. அந்த பூச்சு சுமார் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), கல்லு மாதிரி இறுகினது. நாம வீட்டுல பிரைமர் ரெண்டு மூணு கோட், கலர் மூணு கோட், கிளியர் ரெண்டு கோட்னு அடிச்சா 100 மைக்ரானை சுலபமா தாண்டும், அதுவும் சுடாத பெயிண்ட். அதே காரணத்துக்காகத்தான் பவுடர் கோட்டிங் (பவுடரை தூவி சூட்டுல உருக்கி பூசறது) குடுக்கறவங்களும் அந்த இடங்களை மூடி வைக்க சொல்லணும், அது கெட்டிதான் ஆனா கனம் அதிகம். பவுடர் கோட்டிங்கை வீட்டு சமையல் ஓவன்ல முயற்சி பண்ண வேண்டாம், 180, 200 டிகிரியில வெளியாகற புகையும் சமையலும் ஒரே பெட்டியில இருக்க கூடாது, வீலும் உள்ள போகாது.

மார்ச் 17

பெயிண்ட் சுருங்கி தோல் மாதிரி மடிஞ்சுருச்சுன்னு போட்ட படம் பாத்தேன். நீங்க முதல் கோட் அடிச்சு சில மணி நேரம் கழிச்சு அடுத்த கோட் அடிச்சிருக்கீங்க, அதுதான் காரணம். பல கேன்ல "1 மணி நேரத்துக்குள்ள அடிங்க, இல்லன்னா 24 மணி நேரம் கழிச்சு அடிங்க"ங்கற மாதிரி போட்டிருக்கும். நடுவுல அடிச்சா பாதி காஞ்ச அடிப்பூச்சுக்குள்ள புது கோட்டோட தின்னர் எறங்கி அதை வீங்க வச்சிரும். இப்ப அது மேலயே அடிச்சு மறைக்க பாக்காதீங்க. முழுசா காய விட்டு, 320 தாளால சமமாகற வரைக்கும் தேச்சு, திரும்ப அடிங்க. வீணாகல, கொஞ்சம் நேரம்தான் போச்சு.

கேனை நல்லா ரெண்டு நிமிஷம் குலுக்கி, 25 செ.மீ. தூரம் வச்சு, கையை வீலுக்கு வெளியவே ஆரம்பிச்சு வெளியவே முடிச்சு அடிங்க. முதல் கோட்ல கீழ இருக்கறது தெரியணும், அவ்வளவு மெல்லிசா. முதல் கோட்லயே மூடணும்னு அடிச்சா ஓட்டைகளோட கீழ் ஓரத்துல ஒழுகி கட்டி நிக்கும்.

மழை நேரத்துல அடிக்கலாமான்னு கேட்டவருக்கும் இங்கயே: ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும், காத்துல இருக்கற ஈரம் அது மேல படிஞ்சு பெயிண்ட் வெள்ளையா மங்கிரும். இரும்பு காத்தை விட குளிர்ந்து இருந்தா இன்னும் மோசம். காலையில சீக்கிரமே எடுத்து வெளிய வச்ச வீலை தொட்டு பாத்தீங்கன்னா சில்லுன்னு இருக்கும், கண்ணுக்கு தெரியாத பனி ஈரம் அதுல இருக்கும். வெயில் ஏறி இரும்பு காத்தோட சூட்டுக்கு வந்தப்புறம் ஆரம்பிங்க.

மார்ச் 18

எலக்ட்ரோலிசிஸ் (தண்ணியில மின்சாரம் விட்டு துருவை எடுக்கறது) பத்தி நீளமா பேச ஆரம்பிச்சுட்டீங்க, எனக்கும் பிடிச்ச வேலை அது, அதனால நானும் சேந்துக்கறேன். பெரிய பிளாஸ்டிக் தொட்டி, தண்ணி, சலவை சோடா, பேட்டரி சார்ஜர். வீல் நெகட்டிவ்ல, தியாகத்துக்கு விடற பழைய இரும்பு துண்டுகள் பாசிட்டிவ்ல. மாத்தி குடுத்தா வீல் கரைய ஆரம்பிக்கும், ரெண்டு தடவை பாத்துட்டு ஸ்விட்ச் போடுங்க. பாசிட்டிவ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதுல இருக்கற குரோமியம் விஷமா தண்ணியில கலக்கும். சோடாவுக்கு பதிலா உப்பும் கூடாது, குளோரின் வரும். ஹைட்ரஜன் குமிழி வந்துட்டே இருக்கும், அதனால திறந்த வெளியில, பக்கத்துல நெருப்பு இல்லாம. கிளிப்பை கழட்டறதுக்கு முன்னாடி சார்ஜரை ஆஃப் பண்ணுங்க.

இதோட அழகு என்னன்னா இது நல்ல இரும்பை தொடாது, துருவை மட்டும் கருப்பு சகதியாக்கி விடும், பிரஷ் போட்டா வந்துரும். குழிக்குள்ளயும் போகும். ஆனா நேர் எதிர்ல இருக்கற இடத்துலதான் வேகமா வேலை செய்யும், அதனால அந்த இடுக்குக்குள்ள முழுசா போகும்னு நம்பாதீங்க. எடுத்த உடனே நல்லா கழுவி, வெந்நீர் ஊத்தி சூடாக்கி, துடைச்சு வெயில்ல போடணும். அன்னிக்கே பிரைமர் அடிச்சிரணும்.

மார்ச் 24

மாட்டற நேரம் வந்துருச்சு போல. கையில ஒட்டலைங்கறதுக்காக காஞ்சுருச்சுன்னு அர்த்தம் இல்ல, ஒரு வாரமாவது விட்டு மாட்டினா நல்லது, டயர் கடை மெஷின்ல பிடிக்கும்போது பெயிண்ட் பிஞ்சு வராது. டயர் மாட்டறவர்கிட்ட புதுசா பெயிண்ட் அடிச்சதுன்னு முன்னாடியே சொல்லுங்க. பேலன்ஸ் வெயிட்டை கவ்வற வகையில போடாம உள்பக்கம் ஒட்டற வகையில போட முடியுமான்னு கேளுங்க.

நட்டை கையால கடைசி வரைக்கும் ஓட்டி, எதிர் எதிரா இறுக்கி, வண்டியை எறக்கி, டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு பலத்துல இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்) முடிங்க. சின்ன கார்கள்ல பெரும்பாலும் 90ல இருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க வண்டி புத்தகத்துல இருக்கற எண்தான் கணக்கு. மரையில எண்ணெய் போடாதீங்க, அந்த எண் காஞ்ச மரைக்கு சொன்னது. எண்ணெய் இருந்தா அதே டார்க்ல ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப டார்க் ரெஞ்ச் வச்சு பாருங்க. பெயிண்ட் அடிச்ச வீலுக்கு இது கட்டாயம், வீட்டுல மத்தவங்க அந்த வண்டியை ஓட்டறாங்கன்னா அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

மே 11

100 கிலோமீட்டர்ல ரெண்டு நட்டு கொஞ்சம் திரும்புச்சு, அப்புறம் திரும்பலைன்னு எழுதியிருக்கீங்க. மெல்லிசா இருந்த பிரைமர் அமுங்கியிருக்கும். இன்னொரு தடவை பாத்துட்டு அப்பவும் அசையலைன்னா சரி. மறுபடி மறுபடி திரும்பிட்டே இருந்தா வீலை கழட்டி அந்த குழிவை பாருங்க, பெயிண்ட் கனமா இருந்தா தேச்சு எடுத்துருங்க.

கல் பட்டு பெயிண்ட் போன இடத்தை பத்தி கேட்டது: விட்டு வைக்காதீங்க. அன்னிக்கே முடியலைன்னாலும் அந்த வாரத்துக்குள்ள 320 தாளை சின்னதா மடிச்சு அந்த புள்ளியை மட்டும் தேச்சு, தீக்குச்சி முனையில பிரைமர் தொட்டு வச்சு, காஞ்சதும் கலர் வைங்க. இதுக்காகவே மிச்ச பெயிண்ட்ல கொஞ்சம் சின்ன கண்ணாடி பாட்டில்ல மூடி வச்சுக்கோங்க. எபாக்ஸியை மட்டும் அப்பப்ப புதுசா கலக்கணும், கலந்து வச்சது இறுகிரும்.

வீல் கப்பை மாட்டறதா வேண்டாமான்னா, மாட்டலாம், ஆனா வண்டி கழுவற நாள்ல கழட்டுங்க. கப்போட கிளிப் ரிம்மை கவ்வற இடத்துல பெயிண்ட் தேஞ்சு அங்க வட்டமா துரு ஆரம்பிக்கும், உள்ள சேறும் தங்கும். கழுவும்போது பின்பக்கத்துக்கு ஹோஸை உள்ள விட்டு அடிங்க. கடல் ஓரமா ஓடற வண்டிக்கும், பனியில உப்பு தூவற ரோட்டுல ஓடற வண்டிக்கும் இதை இன்னும் அடிக்கடி செய்யணும், உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும்.

இடுக்குல கேவிட்டி வாக்ஸ் (துரு வராம அடிக்கற மெழுகு ஸ்ப்ரே) அடிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கதவுக்குள்ள அடிக்கறதுக்கு அது பிரமாதம். வீல்ல வேண்டாம்னுதான் சொல்வேன், பிரேக் சூட்டுல எளகி, சுத்தற வேகத்துல தெறிச்சு டிஸ்க் பிரேக்ல பட்டா பிரேக் பிடிக்காது. அந்த இடுக்குக்கு தண்ணியா விட்ட எபாக்ஸி போதும். டயர் அடுத்த தடவை மாத்தும்போது அந்த கோட்டை பாருங்க, பழுப்பு ஒழுகல் தெரிஞ்சா அந்த இடத்தை மட்டும் தேச்சு திரும்ப விடுங்க.